இன்னும் உண்டாகல

வேலூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் நான் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். குழந்தை இல்லாதவர்களுக்கு வைத்தியம் செய்யும் சின்ன கிளினிக் அது. டாக்டரம்மா ஒருவர், நர்ஸ் இரண்டு பேர், வரவேற்பில் ஒரு பெண், லேபில் நான். ஆண்களின் விந்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதில் எத்தனை உயிரணு இருக்கிறது, எத்தனை ஓடுகிறது, எத்தனை நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று எண்ணி எழுதுவது என் வேலை.

இந்த ஒரு வாக்கியத்தை வெளியே சொல்ல எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

சேர்ந்தபோது இருபத்து மூன்று. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அரசுக் கல்லூரியில் தமிழ் வழியில் தாவரவியல் படித்துவிட்டு, லேப் டெக்னீஷியன் படிப்பையும் முடித்திருந்தேன். சத்துவாச்சாரியில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் தேவாலயத்தில் வேதபாடம் வாசிப்பவர். என் வேலை இன்னதென்று தெரிந்த அன்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"யாராவது கேட்டா ரத்த டெஸ்ட்டுன்னு சொல்லு."

"ரத்தமும்தாம்மா பாக்கறேன்."

"அப்ப அத மட்டும் சொல்லு. மீதி எதுக்கு?"

அன்றிலிருந்து சபையில், தெருவில், உறவில் எல்லோருக்கும் நான் ரத்தம் பார்க்கிற பெண்.

லேபுக்கும் வராந்தாவுக்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருந்தது. கண்ணாடியில் வெள்ளைத் தாள் ஒட்டி, கீழே கை போகும் அளவுக்கு மட்டும் திறப்பு. தாள் ஒட்டச் சொன்னது நான்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எங்கெங்கிருந்தோ ஆண்கள் வருவார்கள். டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, கைக்குட்டையில் மறைத்து, ஒருமுறை ஒருவர் பிரியாணிப் பொட்டலம் மாதிரி கட்டிக்கூடக் கொண்டுவந்தார். திறப்பில் வைத்துவிட்டு வேகமாக நகர்ந்துவிடுவார்கள். நான் கையை நீட்டி எடுத்துக்கொள்வேன். அவர்கள் பார்த்ததெல்லாம் உறை போட்ட என் வலது கையை மட்டும்தான். முதலில் அது பெரிய நிம்மதியாக இருந்தது. நாலைந்து வருடம் போன பிறகுதான், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாள் முடிந்துவிடுகிறது என்பது உறைத்தது.

மதியச் சாப்பாடும் தனியாகத்தான். ஆரம்பத்தில் நர்சுகளோடு உட்கார்ந்தேன். ஒருநாள் எலுமிச்சைச் சாதத்தை எடுத்து ஒருத்திக்கு வைக்கப் போனபோது, அவள் தட்டை லேசாக இழுத்துக்கொண்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாக இழுத்துக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்துச் சமாளித்தோம். மறுநாளிலிருந்து லேபுக்குப் பின்னால் இருந்த சின்ன பால்கனியில் சாப்பிட ஆரம்பித்தேன். அங்கிருந்து கோட்டைச் சுவரின் ஒரு துண்டும், காயப்போட்ட புடவைகளும் தெரியும்.

டாக்டரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பருத்திப் புடவை, சத்தமான குரல். ஒருநாள் லேபுக்குள் வந்து, "இவங்களுக்கு நான் சொல்றதுல பாதி புரியல. ரிப்போர்ட் இங்கிலீஷ்ல இருக்கு. நீதான் தமிழ்ல படிச்சவளாச்சே, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதேன்" என்றார்.

சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். என்னிடம் யாராவது எழுதச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் முறை. பரணிலிருந்து கல்லூரிப் புத்தகங்களை இறக்கி, துணைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சூலகம், சூல், கருவுறுதல். பூவுக்காக மனப்பாடம் செய்த சொற்களே பெண்ணுக்கும் பொருந்தின. பயிர் சூல் கொள்கிறது, மாடு சூல் கொள்கிறது, மழைக்கு முன் மேகம்கூடச் சூல் கொள்கிறது. என்சைமுக்கு நொதி என்று போட்டேன். அந்தச் சொல்லைப் பரீட்சையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. குழந்தை இல்லாமைக்குப் புத்தகத்தில் என்ன இருந்ததோ அதையே எடுத்து எழுதினேன். மலட்டுத்தன்மை. எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆவாரம்பூவில் பத்து மகரந்தத்தாள்களில் மூன்று மலடு என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.

ஜெராக்ஸ் எடுத்து வரவேற்பில் ஒரு கட்டு வைத்தார்கள். வராந்தாச் சுவரிலும் ஒன்றை ஒட்டினார்கள்.

ஒரு வாரம் போயிருக்கும். ஜன்னல் கண்ணாடியில் யாரோ விரலால் தட்டினார்கள். பெண்கள் அந்த ஜன்னலுக்கு வரமாட்டார்கள்.

"அக்கா, உள்ள இருக்கீங்களா?"

"சொல்லுங்க."

"செவுத்துல இருக்குற பேப்பரு நீங்க எழுதினதாமே? நர்சம்மா சொன்னாங்க."

"ஆமா. எதனா தப்பா இருக்கா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மூணாவது வரில ஒரு வார்த்த இருக்கு. அத மட்டும் எடுத்துடுங்கக்கா."

"எந்த வார்த்தை?"

திறப்பின் வழியாக ஒரு தாள் உள்ளே வந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. ஆள்காட்டி விரல் அந்தச் சொல்லின் மேல் இருந்தது.

"நான் அத வாயால சொல்ல மாட்டேன். எங்க வீட்டுல தெனமும் எங்க மாமியா சொல்றாங்க. அத உட்டுட்டு நிம்மதியா இங்க வந்தா, இங்கயும் செவுத்துல அதையே பாக்கணுமா?"

"அது புத்தகத்துல இருக்குறதும்மா. நானா எழுதல."

"புத்தகம் எழுதினவருக்குப் புள்ளைங்க இருந்திருக்கும்."

"அப்ப வேற இன்னா எழுதலாம்?" என்று கேட்டேன்.

"'இன்னும் உண்டாகல'ன்னு எழுதுங்க. நாங்க அப்படித்தான் சொல்லுவோம். இன்னிக்கு உண்டாகலன்னா நாளைக்கு உண்டாகலாம் இல்ல?"

எழுந்து போய் லேப் கதவைத் திறந்தேன். ஒல்லியாக, என்னைவிடக் கொஞ்சம் உயரமாக ஒருத்தி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள். "இவ்ளோ சின்னப் பொண்ணா? நான் வயசான ஆளுன்னு இல்ல நெனச்சேன்." ஆனாலும் அக்கா என்பதை அவள் விடவில்லை.

நெமிலிப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம் அவளுடையது. பத்தாவது வரை படித்தவள். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்பவருக்குக் கட்டிக்கொடுத்து ஏழு வருடம். கணவருடைய அம்மா, தம்பி, தம்பி மனைவி எல்லோரும் ஒரே வீடு. தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். தம்பி மனைவியின் வளைகாப்பில் இவளை அடுப்படியை விட்டு வெளியே வரவேண்டாம் என்றார்களாம்.

புதிய தாளைப் பார்த்து டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னை முறைத்தார். "மெடிக்கல் பேப்பர்ல பேச்சுத் தமிழா?" என்றார். பிறகு இன்னொரு முறை படித்துவிட்டு, "சரி, ஒட்டு" என்றார்.

அதற்குப் பிறகு அவள் மாதா மாதம் வரும்போதெல்லாம் ஜன்னலைத் தட்டுவாள். டாக்டரைப் பார்க்கக் கூட்டம் ஜாஸ்தியாக இருக்கும், இரண்டு மணி நேரம் ஆகும். நான் கதவைத் திறந்து பால்கனிக்கு அழைத்துப் போய்விடுவேன். அவள் கொண்டுவந்த சாப்பாட்டையும் என்னுடையதையும் சேர்த்துத் தின்போம். முதல் நாள் என் டப்பாவிலிருந்து ஒரு வாய் அவளாகவே கை விட்டு எடுத்துக்கொண்டபோது நான் சட்டென்று கோட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கவனித்தாளா என்று தெரியாது.

ஒருமுறை ஊருக்குப் போய்விட்டு ஆவாரம்பூ கொண்டுவந்தாள். "சூட்டுக்கு நல்லதுக்கா. எங்க ஏரிக்கரை பூரா இதுதான். முன்னல்லாம் பட்டைய உரிச்சு டேனரிக்கு வண்டி வண்டியா ஏத்துவாங்களாம்." ஒரு பூவை எடுத்து ஊசியால் பிரித்து, நுண்ணோக்கியில் வைத்து அவளைப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"இதுல மூணு குட்டையா இருக்கு பாரு. அதுல மட்டும் மகரந்தம் இருக்காது."

"அப்ப எதுக்கு இருக்குது?"

"தெரியல. இருக்கு."

"இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

அன்றுதான் என்னைப் பற்றிக் கேட்டாள். "ஏங்க்கா நீங்க கல்யாணம் பண்ணிக்கல?"

சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முதலில் வந்த வரன் காட்பாடியில் வங்கி வேலை. எல்லாம் பேசி முடித்து, மோதிரம் மாற்றத் தேதி பார்க்கும் சமயத்தில், மாப்பிள்ளையின் சித்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளும் அவள் கணவரும் எங்கள் கிளினிக்குக்கு வந்து போனவர்கள் என்பது அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்தது. வராந்தாவில் காத்திருந்தபோது கேட்ட என் குரலை வைத்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவள் வெளியே சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. நாலு நாள் கழித்து, ஜாதகமெல்லாம் பார்க்காத எங்கள் சபைக் குடும்பத்துக்கு, "பொருத்தம் சரியா அமையல" என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது வரன் வேலையை விடச் சொன்னார். விடுகிறேன் என்றேன். விட்டாலும் இத்தனை நாள் பார்த்தது பார்த்ததுதானே என்று அவருடைய அம்மா சொன்னதாகக் கேள்விப்பட்டோம். மூன்றாவதுக்குப் பிறகு அப்பா தேடுவதை நிறுத்திவிட்டார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நம்ம ரெண்டு பேரையும் ஒரே மாதிரி பேஜாரு பண்றானுங்க" என்றாள்.

அவளுக்கு எல்லாச் சோதனையும் செய்தாகிவிட்டது. ரத்தம், ஸ்கேன், குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. எதிலும் குறை இல்லை. அவள் கணவர் மட்டும் வரவே இல்லை. லீவு இல்லை, ஷிப்டு மாறிவிட்டது, அடுத்த மாதம் என்று ஒரு வருடம் போயிற்று. கடைசியில், "அவர் வராம இனிமே ஒரு மாத்திரைகூட எழுத மாட்டேன்" என்று டாக்டரம்மா சொன்ன பிறகு வந்தார்.

மற்றவர்கள் மாதிரி அவர் டப்பாவை வைத்துவிட்டு ஓடவில்லை. திறப்புக்கு நேராகக் குனிந்து என் முகத்தைப் பார்த்துப் பேசினார். டேனரி வேலையில் விரல் நுனிகள் நீலம் பாய்ந்து கிடந்தன.

"எப்ப சொல்லுவீங்க, சிஸ்டர்?"

"அரை மணி நேரம் வைக்கணும். கெட்டியா இருக்குறது தண்ணியாகணும். அதுலயே ஒரு என்சைம் இருக்கு, அதுவே கரைச்சுடும். அப்புறம்தான் பாக்க முடியும்."

"என்சைமா?" அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "எங்க டேனரியிலயும் என்சைம் போடுறோமே. சுண்ணாம்புல ஊறின தோல எடுத்து டிரம்முல போட்டு அந்தப் பவுடர் போட்டா, பட்டு மாதிரி ஆயிடும். நேரம் ஜாஸ்தியாச்சுன்னா தோலே வீணாப்போயிடும். நான்தான் பக்கத்துலயே நின்னு, கட்டை விரலால அழுத்தி அழுத்திப் பாத்துக்கினே இருப்பேன்."

தன் வேலையைப் பற்றிப் பேச ஓர் இடம் கிடைத்ததும் அவருக்குக் கூச்சம் போய்விட்டது. நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கண்ணாடிச் சில்லை ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்தினேன். இன்னொரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். மீதியை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி, அடியில் தங்கியதையும் பார்த்தேன். வெறும் வெளிச்சம். டாக்டரம்மா மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். அப்போதும் அதேதான்.

இரண்டாவது தடவை அவர் தனியாக வந்திருந்தார். ஜன்னலை விட்டு நகரவில்லை.

"இன்னா வந்துச்சு, சிஸ்டர்?"

"டாக்டரம்மா சொல்லுவாங்க."

"நீங்க பாத்தீங்க இல்ல?"

வராந்தாவில் வேறு யாரும் இல்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"எனக்குப் பதினாலு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. அப்ப கீழயும் வீங்கிப்போயி ஒரு மாசம் படுத்துக் கெடந்தேன். ஒரு வைத்தியரு எங்கப்பாகிட்ட தனியா கூப்ட்டு ஏதோ சொன்னாரு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். எனக்குத் தெரியும் சிஸ்டர். கல்யாணத்தப்பவே தெரியும். சொல்ல வாய் வரல."

அவளை வளைகாப்பில் அடுப்படிக்குள் நிறுத்தியது நினைவுக்கு வந்தது. எக்ஸ்ரே எடுத்த அன்று வலியில் என் பால்கனியில் சுருண்டு படுத்திருந்தாள்.

"கம்மின்னு எழுதுங்க" என்றார் அவர். "இல்லன்னு மட்டும் எழுதாதீங்க. கம்மின்னா அவ இருப்பா. இல்லன்னா எதுக்கு இருக்கணும்?"

"அப்படி எழுத முடியாதுங்க."

"ஒரு வார்த்ததானே."

"முடியாதுங்க" என்றேன். அவர் திறப்பின் விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். உள்ளதை உள்ளபடி ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டினேன்.

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். அவர் கீழே மருந்துக் கடையில் நின்றுவிட, அவள் நேராக ஜன்னலுக்கு வந்தாள்.

"இன்னாக்கா வந்துருக்கு? நல்லபடியா இருக்குதா?"

"டாக்டரம்மாகிட்ட கேளும்மா."

சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். "என்கிட்டயேவா? சொல்லுங்கக்கா."

"டாக்டரம்மாதான் சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

சிரிப்பு நின்றது. "நீங்களுமா?" என்றாள். அவ்வளவுதான். போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டரம்மாவின் அறை லேபுக்கு அடுத்த அறை. சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய சத்தமான குரல் அன்றைக்குத் தணிந்து கேட்டது. பிறகு நாற்காலி நகரும் சத்தம். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தாண்டித்தான் படிக்கட்டுக்குப் போக வேண்டும். போனாள். பார்க்கவில்லை. ஐந்தாறு படி பின்னால் அவர் போனார்.

நாலு மாதம் வரவில்லை. பால்கனியில் தனியாகச் சாப்பிடுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த நாலு மாதம் வேறு மாதிரி இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கே மனம் வராமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோன நாட்கள் உண்டு. அம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்பாள். ஆமாம் என்பேன். வீட்டிலும் நாங்கள் மூன்று பேர்தான். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. டெலிவிஷன் மட்டும் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும்.

ஒரு புதன்கிழமை ஜன்னலில் தட்டும் சத்தம் கேட்டது. கதவைத் திறக்க எழுந்தேன்.

"வாணாங்க்கா, இப்படியே பேசிடறேன்" என்றாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. "நாங்க முடிவு பண்ணிட்டோம். வேற ஒருத்தரோடத வெச்சுக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல, அதுக்குச் சம்மதம். அவருதான் மொதல்ல சொன்னாரு. எங்க மாமியாவுக்குத் தெரியக் கூடாது. யாருக்கும் தெரியக் கூடாது."

"யாருக்கும் தெரியாது. உங்க ரெண்டு பேரு, டாக்டரம்மா, நான்."

பிறகு கேட்டாள்.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன். உண்மையச் சொல்லுங்க. அவருக்கு இது முன்னாடியே தெரியுமாக்கா?"

கண்ணாடியில் ஒட்டிய தாளில் அவள் நிழல் விழுந்திருந்தது. கையில் இருந்த கண்ணாடிச் சில்லைக் கீழே வைத்தேன்.

"தெரியாதும்மா. அவருக்கு எப்படித் தெரியும்?"

பெருமூச்சு விட்டது கேட்டது. "அது போதுங்க்கா" என்றாள்.

நான் சொன்னது சரியா தவறா என்று இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். ஒரு சமயம் அவளை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றும். இன்னொரு சமயம், அவள் கேட்டது அந்தப் பதிலைத்தான் என்று தோன்றும். எழுதச் சொன்னபோது மறுத்த நான் வாயால் சொல்லிவிட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

சென்னையிலிருந்து நைட்ரஜன் கேனில், உறைந்த சின்னக் குழாய்களில் தானமாகக் கிடைத்த விந்து வரும். யாருடையது என்று எங்களுக்கும் தெரியாது. ரத்த வகையும் ஓர் எண்ணும் மட்டும் இருக்கும். இளஞ்சூட்டில் வைத்து உருக்கி, கழுவி, தயார் செய்வது என் வேலை. முதல் தடவை தயார் செய்தபோது, அதை நுண்ணோக்கியில் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தேன். நிறைய இருந்தன, நன்றாக ஓடின. வழக்கமாகச் சொல்லாத ஜெபம் ஒன்றைச் சொன்னேன்.

முதல் மாதம் ஆகவில்லை. இரண்டாவது மாதமும் ஆகவில்லை. மூன்றாவது தடவைக்கு முன் ஜன்னலுக்கு வந்து, "எங்க வீட்டுக்காரரு ஜாடை இருக்காது இல்ல?" என்று கேட்டாள்.

"உன் ஜாடை இருக்கும். உன்னை மாதிரியே கேள்வி கேக்கும்."

பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

மூன்றாவது மாதம் அவளுடைய சிறுநீரைப் பரிசோதனை அட்டையில் மூன்று சொட்டு விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் கோடு வந்தது. அது எல்லோருக்கும் வரும். இரண்டாவது கோடு முதலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மங்கலாக வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடர்ந்தது. டாக்டரம்மா சொல்லும்வரை நான் சொல்லக் கூடாது. அந்த விதியை அன்றைக்கு மட்டும் மீறினேன். அட்டையைத் திறப்பின் வழியாக நீட்டினேன்.

"ரெண்டு கோடுக்கா."

"ஆமா."

"உண்டாயிட்டேனா?"

"உண்டாயிட்டே."

அவள் கை உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. உறை போட்டிருந்தேன். கழற்ற வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அவள் விடவில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்ணாடி வழியாகத் தெரியவில்லை. வராந்தாவில் யாரோ வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று முறை டாக்டரம்மாவைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று பதிவேட்டில் பார்த்தேன். ஜன்னலுக்கு வரவில்லை. மசக்கையாக இருக்கும், கூட மாமியார் வந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரசவம் ஆம்பூரிலேயே பார்த்துக்கொண்டார்கள். பெண் குழந்தை என்று நர்ஸ் சொல்லித்தான் தெரியும். வீட்டில் சொல்லாமல் ஒரு மஞ்சள் கவுன் வாங்கி லேப் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். காட்ட வருவாள் என்று நினைத்தேன்.

வந்தது அவர்தான். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. இனிப்புப் பெட்டியை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். பெட்டி திறப்பில் நுழையவில்லை. கதவைத் திறந்து வாங்கிக்கொண்டேன்.

"நல்லா இருக்காங்களா ரெண்டு பேரும்?"

"நல்லா இருக்காங்க சிஸ்டர். எங்கம்மா கொழந்தைய கீழயே விடறதில்ல." தலையைக் குனிந்துகொண்டார். "ஒன்னு சொல்லணும். தப்பா நெனைக்காதீங்க. இனிமே நாங்க இங்க வர மாட்டோம். வெளியில எங்கனா எங்களப் பாத்தீங்கன்னா... தெரியாத மாதிரி இருந்துடுங்க. அவளுக்கும் அதுதான் நல்லது. உங்களப் பாத்தா எங்களுக்கு அதுதானே ஞாபகம் வரும்."

"அவ சொன்னாளா?"

அவர் பதில் சொல்லவில்லை.

"சரிங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். இனிப்பை நர்சுகளுக்குக் கொடுத்தேன். கவுனை அடுத்த மாதம் சபையில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டேன். அந்தக் குழந்தைக்கு அது சின்னதாகப் போய்விட்டது என்று சொன்னார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வேலூரில் பெரிய பெரிய குழந்தைப்பேறு மையங்கள் வந்தன. புதுப் படிப்பு, புது இயந்திரம். டாக்டரம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். புது மையங்களில் என் படிப்புக்கு வேலை இல்லை. ஆம்பூரில் ஒரு சின்ன லேபில் சேர்ந்தேன். சர்க்கரை, உப்பு, ரத்தம். அதற்குள் அம்மாவும் போய், பிறகு அப்பாவும் போய்விட்டார். காலையில் சத்துவாச்சாரியிலிருந்து பேருந்து, சாயங்காலம் திரும்பும் பேருந்து. இப்போது நான் உண்மையிலேயே ரத்தம் பார்க்கிற பெண். சொல்லிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை.

ஆம்பூரில் சேரும்போதே அவளைப் பார்ப்பேனோ என்று ஒரு பயமும், பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசையும் இருந்தன. இரண்டு வருடம் பார்க்கவில்லை. ஷூ கம்பெனி விடும் நேரத்துக் கூட்டத்தில் அவள் மாதிரியே எத்தனையோ பெண்கள் போவார்கள்.

பிறகு ஒரு சாயங்காலம் நெடுஞ்சாலை நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். சாலையைக் கடந்து இரண்டு பேர் வந்தார்கள். அவள் உடம்பு போட்டிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிச் சீருடையில் ஒரு பெண், எட்டு வயது இருக்கும், முன்பல் ஒன்று இல்லை. அம்மாவிடம் எதையோ விடாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். அந்த நெற்றி, அந்தப் புருவம், எல்லாம் இவளுடையது.

கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. பேருந்து வரும் திசையில் திரும்பிக்கொண்டேன். நிறுத்தத்தில் நிறைய இடம் இருந்தது. அவள் வந்து என் பக்கத்திலேயே நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. அவள் தோள் என் தோளில் லேசாகப் பட்டது. நகர்த்திக்கொள்ளவில்லை. லாரிகள் போயின. அந்தப் பெண், "ஏம்மா லாரியில தோலு ஏத்தினா இவ்ளோ நாத்தம் வருது? ஷூல ஏன் வரல?" என்று கேட்டது. "அப்பாகிட்ட கேளு, அவரு சொல்லுவாரு" என்றாள்.

வேலூர் பேருந்து வந்தது. கூட்டம் முண்டியடித்தது. அந்தப் பெண் படிக்கு நேராக நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நவுரு, பெரியம்மா ஏறட்டும்."

முன்பின் தெரியாதவர்களைப் பிள்ளைகளிடம் ஆன்ட்டி என்று காட்டுவதுதான் ஆம்பூரில் வழக்கம். நான் ஏறினேன். பின்னால் அந்தப் பெண், "யாரும்மா அவங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. பதில் கேட்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். ஜன்னலோர இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தபோது நிறுத்தம் தாண்டிவிட்டது.

பள்ளிகொண்டா வரை நின்றுகொண்டே வந்தேன். அதற்குப் பிறகு இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் எங்கே இறங்கணும் என்று கேட்டார். சத்துவாச்சாரி என்றேன். வீட்டில் யார் யார் என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன்.

மறுநாளும் அதே நேரத்துக்கு அந்த நிறுத்தத்துக்குப் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படிப் போய் நின்றிருப்பேன், முதலில் வரும் பேருந்தை விட்டுவிட்டு இரண்டாவதில் ஏறுவேன். பிறகு லேபில் என்னைக் காலை ஷிப்டுக்கு மாற்றினார்கள். மதியமே வீட்டுக்குத் திரும்ப ஆரம்பித்தேன்.